வேனுக்கு வந்த புது டிரைவர்

கணவருக்கு முட்டி தேய்ந்து கிளட்சை மிதிக்க முடியாமல் போனதும், சலவைக்கடை வேனை இனி யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தது.

"நான் ஓட்டுறேன்" என்றாள் மனைவி. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது.

ஓட்டக்கூடப் பழகிவிட்டாள். லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வுதான் படுத்தி எடுத்தது. காலையில் படித்த சாலைக் குறியீடுகள் மத்தியானத்துக்குள் மறந்துபோயின. போதாக்குறைக்கு, மாதவிலக்கு நிற்கும் வயதின் சூடு தேர்வின் நடுவில் குப்பென்று ஏறி, மண்டையே வெறுமையானது. தோற்றுவிட்டாள்.

"இந்த வயசுல உனக்கெதுக்கும்மா இந்தப் பாடு?" என்றாள் மகள்.

"புத்தி எங்கயும் ஓடிப் போயிடலடி. கொஞ்சம் மெதுவா ஏறுது, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து இஸ்திரி போடும்போதெல்லாம் குறியீடுகளை வாய்விட்டுச் சொன்னாள். தப்பாகச் சொன்னால் கணவர் நாற்காலியிலிருந்தே ஹாரன் போலக் கத்துவார்.

மறுதேர்விலும் அதே சூடு ஏறியது. இந்த முறை பேனாவை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"சார், அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்க."

காற்று வந்தது. கழுத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட கேள்வியிலிருந்து தொடர்ந்தாள். தேறியும்விட்டாள்.

மறுவாரம் வேனில், மடியில் துணிமூட்டையோடு கணவர், "பாத்து, பாத்து" என்றார்.

"பேசாம வாங்க" என்று கியரை மாற்றினாள்.