பக்கத்துக் கட்டம்

தலைநகரின் முனிர்காப் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் சுபிக்ஷா, நாலு வருடமாகப் படம் வரைவதற்குச் சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறாள். மென்பொருள் செய்கிறவர்கள் முதலில் கட்டமும் அம்பும் போட்டு வரைவார்களாம். எந்த வடிவத்துக்கு என்ன பொருள், எந்த அம்பு எங்கே முடியலாம் என்று கணினிக்குப் புரியும்படி வரையறுப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இதற்கா நாலு வருடம் என்று கேட்டால் கோபம் வரும். நான் அடிக்கடி கேட்பேன்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாயிற்று; இன்னொன்று கிடைப்பது சந்தேகம்.

ஞாயிறு காலை மாடி வீட்டு ஐயப்பன் வந்தார். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிறவர். ஆராய்ச்சிக்கு உதாரணமாக, தான் வரைந்த கட்டப்படம் ஒன்றை முன்பே கொடுத்திருந்தார். சுபிக்ஷாவின் நிரல் அதிலிருந்த கட்டங்களை அழகாக அடுக்கிவிட்டு, ‘பொருள் மாறவில்லை’ என்று கீழே எழுதியிருந்தது.

“என்னம்மா இது? ‘அலர்ஜி இருக்கா பார்’ங்கிற கட்டத்தை மூலையில தள்ளிட்டே! ‘ஊசி போடு’ பக்கத்துலதானே வச்சிருந்தேன்?”

“நடுவுல அம்பு இல்லையேண்ணா. அம்பு இல்லேன்னா சம்பந்தமில்ல.”

“பக்கத்துல வச்சாலே சேர்த்துச் செய்யணும்னு அர்த்தம். எங்க டீம்ல எல்லாருக்கும் தெரியும்.”

“சட்டத்துல இல்லையே!”

“அச்சா, அப்ப நோயாளியும் சட்டப்படிதான் சாவானா?”

சுபிக்ஷா உடனே வழிகாட்டிப் பேராசிரியர் ரங்கராஜனுக்குப் போன் செய்தாள். பொருள் மாறாது என்ற நிரூபணத்தில் குறையில்லை, பேசாமல் கொடுத்துவிடு என்றாராம்.

“எல்லாம் சரிங்கறார். ஆனா தப்பா இருக்கே, மேதா?” என்று என்னைப் பார்த்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. எனக்கு மட்டும் என்ன தெரியும்?

இரண்டு துண்டுக் காகிதங்களை மேஜையில் வைத்தாள். “அதையும் சட்டமா எழுதிப் பார்க்கறேன். இது பக்கத்துலயா?”

“ஆமா” என்றோம் நானும் ஐயப்பனும்.

ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தினாள். “இப்ப?”

“ஆமா.”

இன்னும் ஒரு விரல்கடை நகர்த்தினாள். “இப்ப?”

அவர் ஆமா என்றார். நான் இல்லை என்றேன். சுபிக்ஷா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டுக்குப் பதிலாக நீட்டிப்பு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாங்கிப் பார்த்தேன். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், ‘பக்கத்தில் என்றால் எவ்வளவு தூரம் என்று இன்னும் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.