இடது கால் மட்டும் சாய்ந்தது

மன்னார்குடியில் பிசியோதெரபி பார்க்கிறவள் நான். அடிபட்டு வருகிற கால்களையே பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், அடிபடும் முன்பே கண்டுபிடித்தால் என்ன என்று, பக்கத்துக் கல்லூரியின் பெண்கள் கபடி அணியைப் பரிசோதிக்கும் வேலையை நானாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். பெரிய கருவி எதுவும் கிடையாது. கழியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குந்தச் சொல்வேன், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வேன், ஸ்டூலிலிருந்து குதிக்கச் சொல்வேன். மூட்டு எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பேன். குந்துவதில் எங்கள் ஊர்ப் பெண்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்த வருஷம், எதிரணிக்குள் பாடிப்போகிற முதல் ரைடர் குதித்தபோது இடது முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தது. மறுபடி குதிக்கச் சொன்னேன். மறுபடியும் அதே.

"வலிக்குதாடி?"

"சத்தியமா இல்ல மேடம். ஒரு வாரமா அம்மாகூட நடவுக்குப் போனேன், அந்த அலுப்புதான். இந்தத் தடவை யுனிவர்சிட்டி டீம்ல எடுத்துட்டாங்கன்னா ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலை கிடைக்கும். நிறுத்திடாதீங்க மேடம்."

எங்கள் பக்கம் சம்பா நேரத்தில் எல்லாவற்றுக்கும் நடவுதான் காரணம். இடுப்பு பிடித்தாலும் நடவு, காய்ச்சல் வந்தாலும் நடவு. நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து பின்பக்கமாகவே நகர்கிற கால் தளராதா என்று நானும் தலையாட்டினேன். நடவு அலுப்பென்றால் இரண்டு காலும் அல்லவா தளர வேண்டும்? அது எனக்கு உறைக்காமல் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. ஆறு வாரம் ஆட்டத்தை நிறுத்திப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டியவள், பெரிய தர்மவதி மாதிரி, 'நடவு அலுப்பு, ஆடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாளில் யுனிவர்சிட்டி டீமுக்கான தேர்வு ஆட்டம். அவளை யாரும் தொடக்கூட இல்லை. இடது காலை ஊன்றித் திரும்பினாள், அப்படியே விழுந்தாள். முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. அந்த வருஷத் தேர்வு அதோடு போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நான்தாங்க பாவி. ஆளு கிடைக்கலன்னு புள்ளைய வயலுக்கு இழுத்துட்டுப் போனேன். நடவு அலுப்புன்னு நீங்க எழுதினதை வந்து சொன்னுச்சு. அப்பகூட எனக்குப் புத்தி வரலையே! என் கையாலயே என் பொண்ணு காலை ஒடச்சிட்டேனே!"

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சீ, என்ன பிழைப்பு இது என்று இருந்தது.

"நடவு இல்லீங்க. ஒரு கால் மட்டும் சாயறதை நான் பார்த்தேன். பார்த்துட்டுதான் ஆட விட்டேன். தப்பு என்னோடது."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப என்னால இல்லையா?"

"இல்லீங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அதற்கப்புறம்தான் என் கையை விட்டார்.