தண்ணீர் முறை வந்த காலை

போன சிறுபோக நெற்பயிர்க் காலத்தில், வட்டக்கச்சியில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை வந்த ஒரு காலையில் நடந்தது இது. என் தம்பி சிறையிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை.

அவன் உள்ளே போனதற்குக் காரணமே தண்ணீர்தான். பக்கத்து வயல்காரர் முறை மாறி மடையைத் திறந்தார் என்று தொடங்கிய வாய்த்தர்க்கத்தில், மூக்கு நுனியில் கோபம் வைத்திருந்த இவன் மண்வெட்டியால் அவருடைய கையில் வெட்டிவிட்டான். விடுதலைக்கு முன் வீடு பார்க்க வந்த சிறைச்சாலை உத்தியோகத்தர் என்னிடம், "கொஞ்ச நாளைக்கு அவரை வயல் பக்கம் தனிய விடாதேங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்று எழும்பிப் பார்த்தால் தம்பியும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. செருப்புக்கூடப் போடாமல் வாய்க்கால் கரையால் ஓடினேன். வழியெல்லாம் ஒரு தெய்வம் விடாமல் நேர்த்தி வைத்தேன். அதில் பாதி இன்னும் நிறைவேற்றவில்லை.

தூரத்திலேயே அந்தப் பக்கத்து வயல்காரர் கத்துவது கேட்டது. முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டு கிட்டப் போனால், அவர் வரம்பில் குந்தியிருக்கிறார். தம்பி அவருடைய வாய்க்காலுக்குள் முழங்கால் சேற்றில் நின்று புல் செதுக்குகிறான்.

"டேய், உந்தப் பக்கம் உன்ர அப்பரோ வந்து வெட்டுறது? வடிவாய்ச் செதுக்கடா!"

"ஓம் அண்ணை, வெட்டுறன்."

வெட்டுப்பட்ட கையால் அவருக்கு மண்வெட்டியை இறுக்கிப் பிடிக்க முடியாது. அதனால் அவருடைய வாய்க்கால் புல் மண்டித் தண்ணீர் ஏறாமல் கிடந்திருக்கிறது.

வீட்டுக்கு வரும்போதுதான் தம்பி வாய் திறந்தான். சிறையில் இன்னொருவரை அந்த வயல்காரராக நடிக்கவைத்து, மன்னிப்புக் கேட்க இவனைப் பழக்கினார்களாம்.

"அங்க நல்லாச் சொன்னனான் அக்கா. இவரைக் கண்டதும் ஒண்டும் வாயில வரேல்ல. வாய்க்காலுக்க இறங்கிட்டன்."

"அவர் என்ன சொன்னவர்?"

"முதல் வரம்பில குந்திப் பார்த்துக்கொண்டிருந்தவர். பேந்து ஏசத் தொடங்கிட்டார்."

நான் அந்த இடத்திலேயே இருந்து அழுதேன், சிரிப்பும் வந்தது. அவர் இவனை மன்னித்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் பயந்து ஒதுக்கிவைத்த ஒருவனை யாரும் அப்படி உரிமையோடு ஏசமாட்டார்கள். அந்த ஏச்சைக் கேட்ட பிறகுதான், என் தம்பி உண்மையாகவே ஊருக்கு வந்துவிட்டான் என்று எனக்கு மூச்சு வந்தது.