நான் ஊற்றிய நல்ல தண்ணீர்

நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பிக் காரியத்தைக் கெடுப்பவர்களை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை கிண்டலடித்து எழுதியிருக்கிறேன்! போன வாரம் அந்தப் பேர்வழி நானேதான்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். போர் போட்டால் தண்ணீர் வரும்... வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. குடிக்க லாரித் தண்ணீர்தான். பக்கத்துத் தோட்டத்துப் பழனிச்சாமியின் மருமகள் கவிதா, கஞ்சிக்கோட்டில் உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் மெஷின் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சோதனைக்கென்று எங்கள் ஊர் அங்கன்வாடிக்கே ஒரு சின்ன மெஷினைக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். கெட்டிக்காரி!

பழனிச்சாமிக்கு அவள் வேலைக்குப் போவதே பிடிக்காது. "ஞாயித்துக்கெழம மெஷின் ஓடோணும். ஓடலீன்னா வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஊட்டுல இருந்துக்க" என்று சொல்லிவிட்டார்.

மெஷினுக்கு உயிரே மெம்பரேன் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள்தான். அடுக்கடுக்காக வைத்துக் கரண்ட் கொடுத்தால் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்துவிடுமாம். ஆனால் அடுக்குவதற்கு முன்னால் அவை ஊற வேண்டும். அங்கன்வாடியை ஒட்டியிருக்கிற எங்கள் கார் ஷெட்டில், சனிக்கிழமை ஒரு டப்பில் ஊறப் போட்டாள். "யாரும் தொடாம பாத்துக்குங்க மாமா" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் சும்மா இருந்தேனா? டப்பில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரே உப்பு! பாவம், அவசரத்தில் போர் தண்ணீரைப் பிடித்துவிட்டாள் போல... டப்பைச் சாய்த்துக் கொட்டிவிட்டு லாரித் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றினேன். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் கொடுப்பதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன இருக்கிறது? தாளை நான் தொடவில்லையே. தண்ணீரைத்தானே மாற்றினேன்?

ஞாயிறு காலை பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். பஞ்சாயத்து மெம்பர் வந்தார். கவிதா ஒரு தாளை எடுத்துச் சட்டத்தில் வைத்தாள். பொருந்தவில்லை. தாள் பெரிதாகியிருந்தது! போல்ட் ஓட்டை ஒன்றுகூட நேராக வரவில்லை. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே.

விடுவிடுவென்று ஷெட்டுக்கு வந்து டப்புத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்ன அம்மிணி, ஓடுமா ஓடாதா?" என்று பின்னாலேயே வந்தார் பழனிச்சாமி.

"இது உப்புல ஊறோணுங்க மாமா. உப்புத் தண்ணின்னா அளவாக் குடிக்கும். வெறுந்தண்ணின்னா கண்டபடி குடிச்சு ஊதிப்போயிரும்... நாந்தானுங்க, உப்புப் போட மறந்துட்டேன். மறுக்கா உப்புல போட்டா நாளைக்குச் சுருங்கிச் சரியாயிருமுங்க."

என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை அவள்.

"மறந்துட்டியா? இத்தன பேரக் கூப்புட்டு வெச்சு மானத்த வாங்கிட்டியே! இன்னையோட போதும் உன்ற வேலை."

நான் உடனே வாயைத் திறந்தேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. வாராவாரம் ஊருக்கெல்லாம் உபதேசம் எழுதுகிறவன், ஷெட்டின் தகரத்தை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பவன் போல அண்ணாந்து நின்றேன். சீ! அவள் கண் கலங்கிய பிறகுதான் என் வாய் திறந்தது.

"நாந்தானுங்க தண்ணிய மாத்துனேன். அவ உப்புலதான் போட்டிருந்தா."

திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். பழனிச்சாமி சிரித்துவிட்டார்!

"அட, நீங்கதானுங்களா! அதுக்கென்னங்க, நல்லதுக்குத்தான பண்ணுனீங்க? உடுங்க. அம்மிணி, மாமாவுக்கு ஒரு டீ வெச்சுக் கொண்டா."

ஒரே தப்பு. அவள் செய்தால் வேலை போகும். நான் செய்தால் டீ வரும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் தாள்கள் சுருங்கின, மெஷின் ஓடியது. கவிதாவும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள் – தப்பு அவளுடையது இல்லை என்பதால். நிஜமாகவே மறந்திருந்தால்? இதைப் பழனிச்சாமியிடம் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அன்று டீயைக் கொண்டு வந்து நீட்டி, "சக்கரை போதுங்களா மாமா?" என்றாள் கவிதா.

"போதும்" என்று சொல்லி, குடித்தும் முடித்தேன்.