நூற்றைந்தா, நூற்றாறா

"17 ஆகஸ்ட் 2024, சனி. நண்பரின் வெண்கலக் காசு. எடை 7.42 கிராம். குறுக்களவு 22 மில்லிமீட்டர். முன்புறம் பேரரசர் தலை, தேய்ந்தது. பின்புறம் நகரத் தேவதை. ஆண்டெழுத்து இரண்டு: ஒன்று தெளிவு, மற்றது பச்சைக்கு அடியில்."

அந்த நாளுக்கு என் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான். காசைச் சாமியறையில் வைத்ததை நான் எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயமாக அப்போது தோன்றவில்லை.

ரோமாபுரி ஆண்ட காலத்தில் கிழக்கே கிரேக்கம் பேசிய ஊர்கள் தங்களுக்கென்று வெண்கலக் காசு அடித்துக்கொண்டன. தலை பேரரசருடையது, எழுத்து கிரேக்கம். சில ஊர்கள் ஆண்டையும் பொறித்தன. எண்களுக்குத் தனிக் குறி கிடையாது, எழுத்துகளே எண்கள். அதுவும் அந்தந்த ஊர் தானே தொடங்கிக்கொண்ட ஆண்டுக் கணக்கு. எதையும் தேதி வாரியாக அடுக்கிப் பார்க்கும் எனக்கு இந்தக் காசுகள் பிடித்துப்போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

என்னை இந்தப் பக்கம் இழுத்தவர் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி ஒன்றில் இருக்கும் நண்பர். ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர். வெளிநாட்டு ஏலத்தில் கலந்து கட்டி வந்த ஒரு பொட்டலத்தில் இந்தக் காசு இருந்தது. ஊரின் பெயரைப் படித்துவிட்டார். ஆண்டில் நூறைக் குறிக்கும் எழுத்தும் தெரிந்தது. அடுத்த எழுத்தின் மேல் கடுகு அளவு பச்சைக் களிம்புக் கட்டி. ஏப்ரலிலிருந்து காசைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நீரை மாற்றி, மூங்கில் பல்குச்சியால் இரண்டு தடவை தொட்டுவிட்டு மறுபடி மூடிவைப்பார். வாரத்துக்கு இரண்டே தடவை. அவசரப்பட்டால் கட்டியோடு எழுத்தும் வந்துவிடும்.

ஆனால் அவருக்கு அவசரம் இருந்தது. பார்வையின் நடுப்பகுதி கரைந்துகொண்டே போகும் நோய். இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கு ஊசி போடுகிறார்கள். "டாக்டர் சொல்லிட்டாரு பாஸ், இருக்கிறதத்தான் காப்பாத்த முடியுமாம். இந்த ஒரு வருஷத்த மட்டும் என் கண்ணால படிச்சிடணும். மத்ததெல்லாம் நீங்க படிச்சிச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்" என்றார். என்னிடம் கணினியில் இணைக்கும் நுண்ணோக்கி இருந்ததால், படம் எடுக்க இரண்டு வாரத்துக்குக் காசைக் கொடுத்தனுப்பினார்.

கிள்ளானில் எங்கள் வீட்டில் மதிப்பான பொருள் எது வந்தாலும் முதலில் சாமி முன்னால் போகும். பிள்ளைகளின் தேர்வு முடிவு, புதுக் கார் சாவி, வீட்டுப் பத்திரம், எல்லாம் அந்தப் பித்தளைத் தட்டில் ஓர் இரவாவது இருந்தவைதான். எடை போட்டு எழுதி முடித்ததும் என் கை தானாகவே காசை அங்கே வைத்தது. அந்த வாரம் முழுக்க வானம் மூட்டமாக இருந்ததால் படமெடுப்பதைச் சனிக்குத் தள்ளினேன்.

22ஆம் தேதி வியாழன். மறுநாள் வெள்ளிக்காக மனைவி விளக்குகளைத் துலக்கி, ஈரம் துடைத்து மேசையில் பரப்பியிருந்தார். அவற்றின் நடுவே புது ஐம்பது சென் நாணயம் போல அந்தக் காசின் தேவதை மின்னினாள்.

"என்னங்க, தட்டுல ஒரு காசு பாசி புடிச்சிக் கெடந்துச்சி. சேத்து வெளக்கிட்டேன்."

"புளி போட்டியா?"

"புளியும் உப்பும். பின்ன எப்படிப் போகும்? கொஞ்சம் நாரால அழுத்தினேன்" என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏங்க, யாரோடது?"

சொன்னேன். திட்டவில்லை, திட்டும் தகுதி எனக்கு இல்லை. மறுபடி எடை போட்டேன்: 7.19. காணாமல் போன 0.23 கிராமில் நண்பருடைய நான்கு மாத ஞாயிறுகளும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை கொம்யூட்டர் ரயிலில் போகத் தனியாகக் கிளம்பினேன். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார். "தேச்சது நானு. நான் வந்து சொல்றேன்."

நண்பர் கதவைத் திறந்ததும் மனைவி உட்காரக்கூட இல்லை. "அண்ணே, உங்க காசப் புளி போட்டு வெளக்கிட்டேன். மன்னிச்சிக்குங்க."

நண்பர் உள்ளங்கையில் வாங்கிக் கட்டைவிரலால் தடவினார். முகம் வெளுத்தது. உள்ளே போய் ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்த நீர் கொண்டுவந்து காசைப் போட்டார். "புளிப்பு இன்னும் உள்ள இருக்கும். மொதல்ல அத நிறுத்தணும்." பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாலு மாசம் தங்கச்சி. வாரத்துக்கு ரெண்டு தடவதான் தொட்டேன். நீங்க அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டீங்க லா."

மனைவி தலை குனிந்தார். நண்பர் கசந்து பேசவில்லை. கோபம் வந்து போய்விட்டதோ, வராமலே போனதோ, எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்துக் காசை நீரிலிருந்து எடுத்து, சன்னலோரம் உருப்பெருக்கியை வைத்து வலது கண்ணால் பார்த்தார். தலையைச் சாய்த்துச் சாய்த்து, மிச்சமிருக்கும் பார்வையின் ஓரத்துக்கு எழுத்தைக் கொண்டுவர முயன்றார்.

"அரை நெலா தெரியுது" என்றார். குரல் மாறியிருந்தது. "பாஸ், பச்சைக்கு அடியில ஒரு அரை நெலா!"

நானும் பார்த்தேன். அரை நிலா இருந்தது, ஆனால் புளி அதன் விளிம்பைத் தின்றிருந்தது. நடுவில் ஒரு கோடு இருந்தால் அது ஐந்து. கோடு இல்லாமல் கீழே ஒரு வால் இருந்தால் ஆறு. கோடும் இல்லை, வாலும் இல்லை, நாரின் கீறல்கள் மட்டும். நூற்றைந்தாம் ஆண்டுக் காசு பட்டியல்களில் உண்டு. நூற்றாறாம் ஆண்டுக்கு நாங்கள் தேடிய எதிலும் ஒன்றுகூட இல்லை.

நான் படமெடுக்கும் யோசனையில் இருந்தேன். நண்பர்தான் மனைவியின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, பச்ச உரிஞ்சி வந்தப்ப மொதல்ல என்ன தெரிஞ்சிச்சி? அதப் பாத்தது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

மூன்று நாளாக நான் மனைவியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மனைவி விரலைக் குவளை நீரில் நனைத்து மேசைமேல் மெதுவாக ஓர் அரைவட்டம் போட்டார். தயங்கி, கீழே சின்னதாக ஓர் இழுப்பு. "இப்படி வாலு மாதிரி இருந்துச்சிண்ணே. அப்பறம் நான் மறுபடி தேச்சேன்."

நண்பர் அந்த ஈரக்கோட்டின் மேலேயே தன் விரலை ஓட்டினார். "ஆறு" என்றார்.

"சத்தியம் பண்ண மாட்டேண்ணே. புளிச் சக்கையாக்கூட இருக்கலாம்."

"பரவால்ல. நெலாவ நான் படிச்சேன், வால நீங்க படிச்சீங்க."

அன்றிரவு எழுதியது: "25 ஆகஸ்ட், ஞாயிறு. எடை 7.19 கிராம். ஆண்டு 105 அல்லது 106. அரைவட்டம் காசில் உள்ளது. உரிமையாளர் தம் கண்ணால் படித்தார். 106 எனக் கொள்ளச் சான்று, துலக்கியவரின் நினைவு ஒன்றே. இதே அச்சில் அடித்த இன்னொரு காசு கிடைத்து ஒப்பிட்டால்தான் உறுதியாகும். இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை."