கரண்ட் போன நேரம்

2024 ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். கோவில்பட்டியில் அந்நேரத்துக்கே வெயில் உச்சிக்கு ஏறியதுபோல் இருந்தது. மேகம் இல்லை, இலை அசையவில்லை. கரண்ட் போயிற்று. மூன்று வயதுப் பேத்தி எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, புளியங்கொட்டைகளை டப்பாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. அவள் நிமிர்ந்து, "ஓச்சு" என்றாள்.

'போச்சு' என்கிறாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான்.

பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. ஒன்றேகால் வயது வரை எங்களுக்கு அது தெரியவில்லை. பேச்சு வரவில்லை என்றதும் எல்லோரும் நாக்கைத்தான் பார்த்தோம். வசம்பைச் சுட்டு, தேனில் இழைத்து, தினமும் நாக்கில் தடவினோம். அடுப்படி வாசலில் தூங்கிய பிள்ளை, குக்கர் ஐந்து விசில் அடித்தும் புரண்டுகூடப் படுக்காததைக் கவனித்தவள் மருமகள்.

"நாக்க விடுங்க மாமா. காதுலதான் இருக்கு. இவளுக்கு ஒண்ணுமே கேக்கல."

பரிசோதனையும் அதையே சொன்னது. நாக்கிலும் தொண்டையிலும் ஒரு குறையும் இல்லை. பேச்சு என்று ஒன்று இருப்பதே பிள்ளைக்குத் தெரியாது, கேட்டால்தானே திருப்பிச் சொல்லும் என்றார் டாக்டர். இரண்டு வயதில் அரசுக் காப்பீட்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. காதுக்குள் ஒரு கருவி, வெளியே காதோடு ஒட்டி இன்னொன்று. ஆனால் கருவி சத்தத்தைத்தான் கொண்டுவரும்; அதைப் பேச்சாகப் புரிந்துகொள்ள மூளை பழக வேண்டும், இந்த வயதை விட்டால் கஷ்டம் என்றும் எச்சரித்தார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்துவிட்டது.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் திருநெல்வேலிக்குப் பஸ். முதல் நாள் பயிற்சி தரும் அம்மா கேட்டார்: "வீட்ல பிள்ளைகூட ஓயாம பேசுததுக்கு ஆள் இருக்கா?"

மருமகள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எங்க மாமா இருக்காவ. பால்காரர் அஞ்சு நிமிசம் பிந்துனா அரை மணி நேரம் புலம்புவாவ."

"அப்போ அவியதான் வேணும். பிள்ள பக்கத்துல உக்காந்து புலம்பச் சொல்லுங்க."

வீட்டில் என் மனைவி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். "நாப்பது வருசமா வாய மூடுங்கன்னு சொல்லுதேன். இப்ப டவுன்ல போயி தொறக்கச் சொல்லி சீட்டு வாங்கிட்டு வந்துட்டீங்களே!"

பத்து மாதம் புலம்பினேன். தண்ணீர் வராததற்கு, விலை ஏறியதற்கு, பட்டாணிக்கடலையில் சொத்தை விழுந்ததற்கு எல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து 'போச்சு, போச்சு' என்று புலம்பினேன். அவள் என் முகத்தையே பார்ப்பாள். ஒரு சொல் வரவில்லை.

அதனால்தான் அந்த 'ஓச்சு'வை என்னால் உடனே நம்ப முடியவில்லை. விசிறிக் காற்று நின்றது உடம்புக்குத் தெரிந்திருக்குமே, அதற்காகச் சொல்லியிருந்தால்? பதினொன்று ஐந்துக்குக் கரண்ட் வந்தது. பிள்ளையை மருமகளோடு கூடத்தில் விட்டு, அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் காலி மிக்ஸியை ஓட்டினேன். நிறுத்தினேன்.

கூடத்திலிருந்து "ஓச்சு!"

மறுபடி ஓட்டி நிறுத்தினேன். மறுபடி "ஓச்சு!" கூடவே மருமகள் அழும் சத்தமும் கேட்டது.

"ஏங்க, மிக்ஸி கருகிரும், விடுங்க!" என்று மனைவி கத்தினாள். நான் விடவில்லை. பன்னிரண்டாவது தடவை புகை வந்தது. சத்தம் தானாகவே நின்றது. அதற்கும் கூடத்திலிருந்து சரியாகப் பதில் வந்தது.

மெக்கானிக் காயில் கட்ட எண்ணூற்றைம்பது கேட்டார். ஜாருக்கு அடியில் போடும் கப்ளர் எழுபது. மொத்தம் தொள்ளாயிரத்து இருபது ரூபாய். பேரம் பேசாமல் கொடுத்தேன்.