மூன்று கையெழுத்து வாங்க உடுமலைக்கு ஒரு நாள்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பங்குனி வெள்ளிக்கிழமை. கோவையில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. உடுமலைப்பேட்டையைத் தாண்டி அமராவதி அணை ரோட்டில் இருந்த ஒரு காலனிக்குக் குடிநீர் கொண்டுவரக் கூட்டாக ஓர் ஏற்பாடு. வட்டார வளர்ச்சி அதிகாரியான பி.டி.ஓ. மூலம் அரசு போர்வெல் போட்டுக் கரண்ட் கொடுக்கும், பீளமேட்டு பம்பு கம்பெனி முதலாளி ஒருவர் மோட்டார் கொடுப்பார், நாங்கள் தொட்டி கட்டுவோம். பேசி முடித்து மூன்று மாதமாகியும் ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்துகூட விழவில்லை.

சண்டை ஏதுமில்லை, எல்லாம் மரியாதைதான். "பி.டி.ஓ. இருக்கறப்ப நான் முந்திப் போட்டா நல்லாருக்குங்களா?" என்பார் முதலாளி. "மோட்டார் குடுக்கறவரு மொதல்ல போடட்டுங்க" என்பார் பி.டி.ஓ. பெரியவர்கள் இரண்டு பேரும் போட்ட பிறகு நாம் போடலாம் என்று எங்கள் நிறுவனத்தில் யோசனை சொன்ன புத்திசாலி நான். இதற்குள் பி.டி.ஓ.வுக்கு மாற்றல் வந்துவிட்டது. வெள்ளி மாலையோடு அவர் கிளம்பிவிட்டால் ஃபைல் மறுபடி முதலிலிருந்து. ஆகவே அன்று மூவரும் காலனியிலேயே சந்திப்பதென்று முடிவு.

உக்கடத்தில் காலை 6.30க்கு பஸ். பொள்ளாச்சி வழியாக எழுபது கிலோமீட்டர், டிக்கெட் பதினாலு ரூபாய். உடுமலையில் இறங்கும்போது 8.45. சாப்பிட்ட கடையில் கேட்காமலே மூன்று முறை சட்னி ஊற்றினார்கள். 9.20க்கு அணைக்குப் போகும் டவுன் பஸ், காலனி வரை பன்னிரண்டு கிலோமீட்டர், இரண்டு ரூபாய். காலனி ஸ்டாப் எது என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"கொடந் தூக்கிட்டு பொம்பளைங்க வருவாங்க பாருங்க, அங்க எறங்கிக்கங்க" என்றார்.

அப்படியே இறங்கினேன். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

11 மணிக்கு முதலாளி காரிலும் பி.டி.ஓ. ஜீப்பிலும் வந்தார்கள். காலனிக்காரர்கள் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். நான் தாளை விரித்தேன். "நீங்க போடுங்க." "அட, நீங்க போடுங்க." 12 மணி வரை இதே கதை.

அப்போது தெய்வானை தாளைக் கேட்டு வாங்கினார். காலனி மாதர் சங்கத் தலைவி, முப்பது வயதிருக்கும். தண்ணீருக்காக முதலில் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தவர் அவர்தான், மோட்டார் ரூம் சாவியும் அவரிடம்தான் இருக்கப்போகிறது. மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"ஏனுங்க, இதுல எங்க பேரையே காணமுங்க?"

டைப் அடித்தவன் நான். மூன்று பேருக்கு மூன்று கோடு போட்டிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

"குடிக்கப் போறது நாங்கதானுங்களே, நானே மொதல்ல போட்டுப்போடறேன்" என்று மூன்று கோட்டுக்கும் மேலே தன் பெயரை எழுதினார்.

"அம்மணியே போட்டாச்சு, இனி நமக்கென்னங்க" என்று முதலாளி பேனாவை வாங்கினார். இரண்டு நிமிடத்தில் மற்ற மூன்று கையெழுத்தும் விழுந்தன. மூன்று மாதம் என்னை அலையவிட்ட அந்த இருவர்மீதும் அந்த நேரத்தில் பாசம்தான் வந்தது.

இப்படிக் கூட்டு வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: நேரமும் கட்டணமும் இப்போது மாறியிருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். இளநீரை மறுக்காதீர்கள், வருத்தப்படுவார்கள். ஒப்பந்தத்தில் முதல் கோட்டை அந்த ஊர்க்காரர்களுக்கு விட்டு வையுங்கள்.

ஆவணியில் மோட்டார் ஓட்டும் விழா. மாற்றலாகிப் போன பி.டி.ஓ.வும் வந்திருந்தார். சுவிட்சை யார் போடுவது என்று நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்தோம். தண்ணீர்ச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், தெய்வானையின் குடம் பாதி நிறைந்திருந்தது.